கதவைத் திறந்துவைத்துச் சமையும்

இராசபாளையம்
1902 நவம்பர் 24

மாப்பிள்ளை கருத்தையாவுக்கு மலைச்சாமி எழுதுவது.

இங்கே நானும் உம்முடைய அக்காள் வெள்ளத்தாயும் பிள்ளை முத்துவீரனும் சுகம். பிள்ளைக்கு மேலே இரண்டு பல் முளைத்திருக்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான். தை மாதம் பதினெட்டாம் நாள் காதுகுத்து என்று நாள் குறித்திருக்கிறோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவனுக்கு இருக்கும் தாய்மாமன் நீர் ஒருவர்தான். வேறு மடி இல்லை.

இன்னொரு விஷயம்.

போன வெள்ளிக்கிழமை வெள்ளத்தாய் தண்ணீருக்குப் போனாள். கிணற்றடியில் ஒருத்தி, "ஏட்டி வெள்ளத்தாயி, ஒன் வீட்டுக்காரருக்குத் தாடையில பாதி இல்லியாம்லா? அதாம் எப்பப் பாத்தாலும் துண்டைக் கட்டிக்கிட்டுத் திரியுதாராக்கும்? பன்னிக்கறியைப் பாகுல வேகவச்சு உறிஞ்சிக் குடிக்காராமே, நெசமா?" என்று கேட்டாளாம். மற்றவர்கள் சிரித்தார்களாம். இவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

சீனத்துச் சண்டையிலிருந்து நான் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. துண்டு ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல்வலி என்றுதான் சொல்லி வந்தேன். குண்டு பட்டது இந்த ஊரில் வெள்ளத்தாய்க்கு மட்டும் தெரியும். ஆவணியில் நீர் விருந்துக்கு வந்தபோது உமக்குச் சொன்னேன். துண்டை அவிழ்த்தும் காட்டினேன். நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

சீவில்லிபுத்தூரில் உம்முடைய தூநெறிச் சபை ஆண்டுவிழாவில் பேசினீராம். என்ன பேசினீர் என்று உம்முடைய கையால் எழுதி அனுப்பும்.

மலைச்சாமி


திருவில்லிபுத்தூர்
சுபகிருது ஆண்டு, கார்த்திகைத் திங்கள் 15

மதிப்பிற்குரிய அத்தான் அவர்கட்குக் கருத்தையா வணங்கி வரைவது.

தங்கள் மடலின் முற்பகுதி கண்டு மகிழ்ந்தேன். பிற்பகுதி கண்டு வருந்தினேன். மருமகனின் முளைப்பற்கள் என் மடலையும் ஒருநாள் கடிக்கட்டும்! தைத் திங்கள் பதினெட்டாம் நாள் என் மடி அவனுக்கே உரியது.

நான் பேசியது யாது என வினவுகின்றீர்கள். புலால் உண்ணாமை பற்றிப் பேசினேன். எட்டாண்டுகளாக அதனைத்தானே பேசி வருகின்றேன்! நாவின் சுவைக்காக ஓர் உயிர் துடிக்கலாமோ என்றேன். அறம் பேசும் நாடு அடுப்படியில் மறம் புரியலாமோ என்றேன். இவை உலகத்தார் அனைவர்க்கும் உரைத்தவை. மேடையில் நிற்பவன் மழைபோலப் பொழிகின்றான். எவர் முற்றத்தில் எத்துணைத் துளி விழுந்தது என அவன் அறியான். கேட்டோர் தாமாக ஒரு முகத்தை எழுதிக்கொண்டால் அதற்குச் சொன்னவன் பொறுப்பாகான்.

எவர் பெயரையும் நான் கூறவில்லை. தாடை என்னும் சொல் என் வாயில் வரவில்லை. சீனம் என்னும் சொல்லும் வரவில்லை. கிணற்றடிப் பேச்சுக்கு வேர் வேறெங்கோ இருத்தல் வேண்டும். தங்களுக்கு இன்னும் ஐயம் உளதாயின், மருமகன் முத்துவீரன் தலைமேல் ஆணையிட்டுக் கூறுகின்றேன்: தங்களைக் குறித்து ஒரு சொல்லும் நான் சொல்லிற்றிலேன்.

தமக்கையை நான் கேட்டதாகக் கூறுக.

தங்கள் அன்பின்
கருத்தையா


இராசபாளையம்
1902 டிசம்பர் 3

கருத்தையாவுக்கு.

நான் அங்கே இருந்தேன்.

"எந்தம்பி பேசுததை ஊரே கேக்குது, நீங்க ஒருதரமாவது போயிக் கேட்டுட்டு வாங்க" என்று வெள்ளத்தாய் சொல்லிக்கொண்டே இருந்தாள். உமக்குப் போர்த்தச் சொல்லிச் சரிகைத் துண்டு ஒன்று வாங்கி மடித்துக் கொடுத்தாள். ஏழு மைல் நடந்து வந்தேன். துணிக்கடை பிச்சை முகம்மதுவின் வண்டி கூட்டத்துக்குப் பின்னால் நின்றது. அதன் ஓரத்தில் நின்று முழுவதும் கேட்டேன்.

நீர் பேசியது மறந்திருந்தால் நான் எழுதுகிறேன்.

"சீனத்துக்குச் சென்றான் ஒரு வீரன், நம் இராசபாளையத்து வீரன்" என்றீர். "வாளோடு சென்றான், வாயில்லாமல் வந்தான்" என்றீர். "கொடியைக் கொண்டுவருவான் எனக் காத்திருந்தோம், பன்றி விலாவைப் பாகில் வேகவைக்கும் பக்குவத்தைக் கொண்டுவந்தான்" என்றீர். "தாடை போனவனுக்கு அதுதானே தாய்ப்பால்" என்றீர். பிறகு மேல்துண்டை எடுத்துத் தாடையில் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாக மென்று காட்டினீர். நான் தின்பதைப்போலவே இருந்தது. நன்றாகப் பார்த்திருக்கிறீர்.

தெருவில் திரிகிற பன்றி என்றீர். அது மலையடிவாரத்தில் நாய் விட்டுப் பிடித்த காட்டுப்பன்றி. உமக்குத் தெரியும். நாற்றம் பொறுக்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டதாகச் சொன்னீர். ஆவணி விருந்தில் ஒன்பது எலும்பு தின்றீர். "இன்னும் ரெண்டு வைக்கட்டா தம்பி?" என்று உம்முடைய அக்காள் கேட்டபோது இலையில் இருந்த சோற்றை ஒதுக்கி இடம் செய்தீர்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துச் சிரித்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். துண்டு கட்டிய ஆள் சிரிக்காமல் நின்றால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயந்தேன். பட்டாளத்தில் எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

இதை நானும் விட்டிருப்பேன். வெள்ளத்தாயிடம், உன் தம்பி நன்றாகப் பேசினான் என்றே சொல்லியிருந்தேன். உம்மிடம் கேட்டது, நீர் ஒப்புக்கொண்டால் போதும் என்றுதான். நீர் பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டீர். உம்முடைய கடிதத்தை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். "என்ன எழுதியிருக்கான், வாசிங்க" என்றாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் எழுந்துபோய்ப் பிள்ளையின் தலையைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

பொய்ச் சத்தியம் செய்தவர் மடியில் அந்தப் பிள்ளையை எப்படி வைப்பேன்? காதுகுத்துக்கு நீர் வர வேண்டாம்.

சரிகைத் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. தாடையில் கட்டிக்கொள்கிறேன்.

மலைச்சாமி


திருவில்லிபுத்தூர்
கார்த்திகைத் திங்கள் 24

அத்தான்,

இம்மடலை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதன்மூன்றும் அழகாக அமைந்துவிட்டன; ஆதலால் கிழித்தேன்.

தாங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்பது எலும்பு என்பதும் உண்மை.

நிகழ்ந்ததைக் கூறுகின்றேன், இதனை விளக்கமாகக் கொள்ளற்க. எனக்கு முன் பேசியவர் நெடுநேரம் பேசிக் கூட்டத்தை உறங்கவைத்துவிட்டார். அடுத்த தெருவில் கொட்டுச் சத்தம் கேட்கவே, பின்வரிசையினர் எழத் தொடங்கினர். எழுகின்றவனை அமர்த்தத் தெரியாதவன் என்ன பேச்சாளன்? கையில் இருந்தவற்றை வீசிப் பார்த்தேன். அறம் என்றேன், அமரவில்லை. அருள் என்றேன், அமரவில்லை. "சீனத்துக்குச் சென்றான் ஒரு வீரன்" என்றேன். ஒருவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த சொல்லுக்கு நால்வர் அமர்ந்தனர். முதற்சிரிப்பு எழுந்தபோதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் ஒருமுறை சிரிக்கமாட்டார்களா என நா தானே ஓடிற்று. துண்டை எடுத்துக் கட்டியபோது, யான் செய்வது இன்னதென அறிந்தே செய்தேன். அறியாமற் செய்தேன் என்று எழுதத்தான் கை விரும்புகின்றது.

அன்று வீடு திரும்பியபோது, கூட்டத்திலிருந்து முன்னரே வந்துவிட்ட என் மனைவி முத்துப்பேச்சி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "மலைச்சாமி அண்ணனைப் போயி அப்படி மென்னு காமிச்சீகளே. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு" என்றாள். நான் விடுத்த மறுமொழி யாது தெரியுமா? "கூட்டம் எப்படிக் கைதட்டுச்சு, பாத்தியா?"

நேற்றுத் தங்கள் மடலை அவளிடம் காட்டினேன். "பிள்ளை தலையிலயா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் என்னோடு பேச்சில்லை. சோறு வருகின்றது. சொல் வரவில்லை.

அத்தான், சபை அடுத்த திங்களிற் கூடும். அதே மேடையில், அதே மக்கள் முன், என் பொய்யை நானே உடைக்கின்றேன். தங்கள் பெயரைச் சொல்லி, தங்கள் வீரத்தைச் சொல்லி, மண்ணில் விழுந்து வணங்குவேன். கேட்போர் கண்ணீர் சிந்துவர். அதற்கு இசைவு தாருங்கள். மருமகனை என் மடியினின்று விலக்காதீர்கள்.

கருத்தையா


இராசபாளையம்
1902 டிசம்பர் 11

மாப்பிள்ளை,

மேடை வேண்டாம். அங்கே நீர் எதைச் சொன்னாலும் கைதட்டுவார்கள். விழுந்து கும்பிட்டால் அதற்கும் தட்டுவார்கள். என் தாடை ஒருமுறை கைதட்டு வாங்கியது போதும்.

உம்மால் ஆகிற வேலை ஒன்று சொல்கிறேன். அந்தக் கறியை உம்முடைய வீட்டில் உம்முடைய கையால் சமையும். வாசற்கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்துச் சமையும். யாராவது என்னவென்று கேட்டால் உள்ளதைச் சொல்லும். நீர் தின்ன வேண்டாம். உம்முடைய விரதத்தில் எனக்குக் குறையில்லை. அது எனக்குச் செய்கிற கறி.

ஏன் இதைக் கேட்கிறேன் என்று தெரிந்துகொள்ளும். ஆவணியில் பாதிதான் சொன்னேன்.

தியென்சின் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கஞ்சித் தண்ணீரிலேயே நாற்பது நாள் கிடந்தேன். தண்ணீர் தூக்கவும் அடுப்பு மூட்டவும் சீனன் ஒருவன் இருந்தான். பெயர் தெரியாது. என் பாஷை அவனுக்குத் தெரியாது. ஆற்றோரத்தில் அவனுடைய ஊர் இருந்தது. அதைக் கொளுத்தியது எங்கள் பட்டாளம். தீவட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன். அவனுக்கு அது தெரியும். எங்கள் சட்டையின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். ஒருநாள் பீங்கானில் கறி கொண்டுவந்தான். எலும்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். எலும்பு மட்டும் வந்தது. சதை பீங்கானிலேயே கிடந்தது. மெல்ல வேண்டாம், நாக்கால் அழுத்தினால் போதும் என்று சைகை செய்தான். விஷமோ என்று நினைத்தேன். செத்தால் சாகலாம் என்றுதான் தின்றேன். மறுநாளும் கொண்டுவந்தான். அவன் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அவன் கதவை அடைக்கவில்லை. செய்முறையைக் காட்டினான்.

எழுதிக்கொள்ளும்:

விலா எலும்பைத் தனித்தனியாக வகிர்ந்து, இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் அழுக்கு நுரை மேலே வரும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு சுடுதண்ணீரில்தான் கழுவ வேண்டும். பச்சைத் தண்ணீர் பட்டால் சதை விறைத்துக்கொள்ளும். சட்டியில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுக் கருப்பட்டியை உருக்கி, அது சிவந்து நுரைக்கும்போது எலும்பைப் போட்டுப் புரட்ட வேண்டும். கருகவிட்டால் கசக்கும். நசுக்கிய இஞ்சி, பூண்டு, ஒரு துண்டு பட்டை, இரண்டு அன்னாசிப்பூ, ஒரு கரண்டி புளித்த காடி. கூடவே இந்தக் குப்பியில் உள்ள சீனத்துக் கருஞ்சாறு. அது பயறு புளிக்கவைத்துச் செய்வது. உப்பு அதிலேயே இருக்கிறது. சுடுதண்ணீரை எலும்பு முங்கும்வரை ஊற்றி, மூடிக்கும் சட்டிக்கும் நடுவே கேப்பைமாவைப் பிசைந்து ஒட்ட வேண்டும்.

அதன் பிறகு தணல்தான். தீ எழும்பவே கூடாது. காட்டுப்பன்றிக்கு நாலு மணி நேரம். திறந்து பார்க்கக் கூடாது.

குப்பியை வண்டிக்காரர் பக்கீர் முகமதுவிடம் கொடுத்தனுப்புகிறேன். வத்தல் மூட்டை ஏற்றி அங்கே வருகிறார்.

மடியைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மலைச்சாமி


திருவில்லிபுத்தூர்
மார்கழித் திங்கள் 3

அத்தான்,

தோற்றேன். எங்ஙனம் தோற்றேன் என்பதை மறைக்காமல் எழுதுகின்றேன். மறைப்பதில் நான் அடைந்த தேர்ச்சி போதும்.

கார்த்திகைக் கடைநாளில் மகாராசபுரத்து வேட்டைக்காரன் மொக்கைச்சாமியிடம் ஆளனுப்பி விலாக்கறி பெற்றேன். தாங்கள் எழுதிய வண்ணமே வேகவைத்து, நுரையைக் கொட்டி, சுடுநீரிற் கழுவி, கருப்பட்டிப் பாகில் புரட்டினேன். முத்துப்பேச்சி அடுப்படிக்குள் வரவில்லை. வாயிலில் நின்று பார்த்தாள். அதுவரையில் குறையில்லை.

மூடியை ஒட்டிய வேளையில் தெருவிற் செருப்பொலி கேட்டது. சபைத் தலைவர் ஆறுமுகம் பிள்ளையின் நடை எனத் தோன்றிற்று. அத்தான், நான் எழுந்து சென்று வாசற்கதவை அடைத்தேன். பின்னர்ச் சன்னலை அடைத்தேன். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். அப்பொழுதும் மணம் அடங்கவில்லை. அன்னாசிப்பூவுக்கு அடக்கம் தெரியாது. தூபக்காலில் தணல் இட்டுச் சாம்பிராணியைக் கைநிறைய அள்ளிப் போட்டேன். வீடெங்கும் புகை. அவர் வருமுன் வெந்து தொலையட்டும் என்று விறகை முழுமூச்சாக எரித்தேன். வெந்ததா வெந்ததா என்று மூடியை மும்முறை பெயர்த்துப் பார்த்தேன். பெயர்த்த போதெல்லாம் புகை உள்ளே இறங்கிற்று.

கதவு தட்டப்படவேயில்லை. செருப்பு வேறு எவருடையதோ.

முத்துப்பேச்சி இருமிக்கொண்டே உள்ளே வந்து, ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டாள். எட்டாண்டுகட்குப் பின் அவள் உண்ட முதற்புலால். நெடுநேரம் மென்றாள். "வடக்கயிறு மாதிரி இருக்கு. அதுவும் கோயில்ல கெடந்த வடக்கயிறு" என்றாள். ஏழு நாட்களுக்குப் பின் அவள் என்னோடு பேசிய முதற்சொல்லும் அதுவே. நான் நகைக்கத் தொடங்கினேன். அவள் நகைக்கவில்லை. "யாருக்குப் பயந்து கதவை அடைச்சீக? அன்னைக்கு அண்ணனைச் சொல்லிச் சிரிக்கும்போது கதவு தெறந்துதானே கெடந்துச்சு?" என்றாள்.

தங்கள் குப்பியையும் முழுதும் கவிழ்த்துவிட்டேன். எஞ்சியது ஏதுமில்லை.

இப்போது மார்கழி பிறந்துவிட்டது. விடியலில் தெருவெங்கும் பாடிச் செல்கின்றனர். இத்திங்களில் இவ்வூரில் இது சமைப்பது தகாது. இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டோ இல்லையோ அறியேன். அச்சத்தால் சொல்கின்றேனோ என்றும் எனக்கே ஐயம். தை பிறந்ததும் மீண்டும் செய்வேன்.

கருத்தையா


இராசபாளையம்
1902 டிசம்பர் 21

மாப்பிள்ளை,

மார்கழி போகட்டும். ஊருக்கு மரியாதை செய்வது தப்பில்லை.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சாம்பிராணி வந்த இடத்தில் உம்முடைய அக்காள் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்பு. பிறகு கதவடைத்த இடம் வந்தது. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

உம்முடைய தப்பு மூன்று. மேடையில் எரிக்கிறதைப்போல அடுப்பில் எரித்தீர். வெந்ததா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்தீர். மூன்றாவது உமக்கே தெரியும்.

கருஞ்சாறு இனி இல்லை. சீனத்திலிருந்து கொண்டுவந்தது ஒரே குப்பி. அதை நான் திறந்தது ஆவணியில், நீர் வந்த அன்றைக்கு. எனக்குச் செய்துகொள்ளும்போது கல்லுப்பும் கூடக் கொஞ்சம் கருப்பட்டியும் புளிக்காடியும்தான். அப்படியே செய்யும். உப்பு மட்டும் கடைசியில் போடும்.

மலைச்சாமி


திருவில்லிபுத்தூர்
தைத் திங்கள் 5

அத்தான்,

நேற்று முன்தினம் தங்கள் வாசலுக்கு வந்து, பானையைத் தமக்கையிடம் கொடுத்துத் திரும்பினேன். உள்ளறையில் தாங்கள் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்ததைக் கண்டேன். தாங்கள் திரும்பவில்லை, நானும் அழைக்கவில்லை. அங்குச் சொல்லாததை இங்கு எழுதுகின்றேன்.

மாட்டுப்பொங்கலன்று மாலை மொக்கைச்சாமி கறியோடு வந்தான். வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஐயா, பன்னி திங்கவன் நாக்கு அழுகிப்போகும்னு பேசுனது நீங்கதான?"

"நான்தான்."

"இது யாருக்கு?"

"எங்க அத்தானுக்கு."

"சீனத்துக்குப் போயிட்டு வந்தாரே, அவியளுக்கா? நீங்க மேடையில மென்னு காமிச்சீகளே, அவியதான?"

"ஆமாம். அவருக்குத்தான்."

மூட்டையைப் பிரித்துப் பார்த்தான். பின், "அப்ப இது வேண்டாம், நெஞ்செலும்பா இருக்கு. காலம்பற நல்ல எடமாப் பாத்துக் கொண்டாரேன்" என்று மூட்டையைத் திருப்பி எடுத்துச் சென்றான். விடியலிற் கொணர்ந்தும் விட்டான்.

வாசற்கதவு இரண்டையும் திறந்து, அவை காற்றில் சாத்தாதபடி அம்மிக்குழவியை ஒன்றுக்கும் விறகுக்கட்டையை மற்றொன்றுக்கும் அணை கொடுத்தேன். என்னை நான் நம்பவில்லை. தணலைச் சாம்பலால் மூடி, அதன்மேல் சட்டியை வைத்து, நான்கு மணி நேரமும் அருகே அமர்ந்தேன். அத்தான், பேசாமல் நான்கு மணி நேரம் நான் அமர்ந்தது என் நினைவு தெரிந்து அதுவே முதன்முறை. மூடியைத் தொடவில்லை.

மணம் தெருவுக்குச் சென்றது. எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தனர். சிறிது நேரத்தில் ஆறுமுகம் பிள்ளையே வந்தார். இம்முறை செருப்பொலி அவருடையதே. படியில் நின்று, "கருத்தையா, அடுத்த வீட்டில் ஏதோ வேகிறது போலும்" என்றார். எனக்கு ஒரு வழி விட்டுக் கேட்டார், நல்லவர்.

"என் வீட்டில்தான். காட்டுப்பன்றி விலா. நானே சமைக்கின்றேன். ஆண்டுவிழாவில் நான் எள்ளி நகைத்த வீரர் என் தமக்கையின் கணவர். அவர் வீட்டில் இதனை ஒன்பது துண்டு தின்றுவிட்டு வந்துதான், நாற்றம் பொறுக்கவில்லை என்று பேசினேன்" என்றேன்.

அவர் நெடுநேரம் தம் கைத்தடியைப் பார்த்தார். "இதை எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றார். சென்றுவிட்டார். மறுநாள் காலை, சபையில் இனிப் பேச வேண்டா எனச் சீட்டு வந்தது. புலால் உண்ணாமை நன்று என்றே இன்றும் எண்ணுகின்றேன். ஆனால் அதைச் சொல்லும் வாய் எனதாக இருக்க இயலாது.

மூடியைத் திறந்து எலும்பைத் தூக்கினேன். எலும்பு மட்டும் வந்தது. உப்புப் பார்க்க ஒரு துண்டு வாயிலிட்டேன். உண்மை எழுதுவதாகச் சொல்லியிருக்கின்றேன்: இரண்டு துண்டு. பல்லை ஒன்றோடொன்று படாமல் வைத்துக்கொண்டு, தாங்கள் உண்பதுபோல நாவால் அழுத்தி விழுங்கிப் பார்த்தேன். இயன்றது. ஆனால் ஒரு பக்கமாகத்தான் தலை சாய்ந்தது, வேறு வழியில்லை. மேடையில் நான் காட்டியபோது ஏன் அவ்வாறு சாய்கின்றது என நான் எண்ணவேயில்லை.

வண்டி பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. முத்துப்பேச்சி சும்மாடு சுருட்டித் தலையில் வைத்து, பானையை ஏற்றிவிட்டாள். மேடையில் மாலை விழுந்த கழுத்து வலிக்க வலிக்க ஏழு மைல் நடந்தேன். வழியில் அறிந்தவர், அறியாதவர், என் பேச்சைக் கேட்டவர் எனப் பலர் நிறுத்தினர். "என்ன ஐயா, பொங்கல் சீரா? பானையில என்ன?" என்றனர். ஒவ்வொருவர்க்கும் உள்ளதைச் சொன்னேன். முதலாமவர்க்குச் சொல்கையில் நா உலர்ந்தது. கடைசி ஆளுக்குச் சொல்கையிலும் உலர்ந்தது. பழகும் என்று எண்ணியிருந்தேன், பழகவில்லை. எவரும் கைதட்டவில்லை. இருவர் நகைத்தனர். ஒரு கிழவர், தம் மகனும் சீனத்துக்குச் சென்றவன் என்றும், திரும்பவில்லை என்றும் கூறி, பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

தங்கள் வாசலில் தமக்கை நின்றாள். மருமகன் அவள் இடுப்பில் இருந்தான். என்னைக் கண்டதும் இரு கையையும் நீட்டினான். அவள் பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். நான் அவன் தலையைப் பார்க்க இயலாமல் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எறக்கி வச்சுட்டுப் போ தம்பி. அவிய ஒண்ணும் சொல்லல" என்றாள்.

இறக்கி வைத்துவிட்டு வந்தேன். கேட்க எனக்கு ஏதுமில்லை.

கருத்தையா


இராசபாளையம்
1903 ஜனவரி 22

மாப்பிள்ளை,

நீர் போன பிறகு வெள்ளத்தாய் பானையைத் திறந்து என் முன்னால் வைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. "ஏழு மைலு தலையில சொமந்துட்டு வந்திருக்கான். கழுத்தப் பாத்தீகளா? ஒருபக்கமாச் சாஞ்சிருக்கு" என்றாள்.

மறுநாள் காதுகுத்துப் பந்தலுக்குக் கால் நட அங்காளி பங்காளிகள் வந்திருந்தார்கள். பத்துப் பேர் இருக்கும். கூடத்தில் இலை போட்டாள். எனக்கு எப்போதும் உள்ளே தனியாகத்தான் போடுவாள். அன்றைக்கும் உள்ளேதான் போட்டாள். நான்தான் இலையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் இலையைப் பார்த்தார்கள். உம்முடைய கறியைத் தின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், "பங்காளி, அந்தக் கறியில எனக்கும் ரெண்டு தாரும், நீரே தின்னு தீத்திராதீரும்" என்றார். பானை காலியாயிற்று.

உப்பு ஒரு கல் கூடுதல். இஞ்சி போதாது. மற்றபடி எலும்பு கழன்று வந்தது. அந்தச் சீனன் பார்த்தால் ஒப்புக்கொள்வான். அவன் ஊருக்கு நான் எதையும் தலையில் சுமந்துகொண்டு போனதில்லை.

துண்டை நான் பிறகு கட்டவில்லை. கிணற்றடியில் இனிக் கேட்க ஒன்றுமில்லை.

பிள்ளை தலைமேல் நீர் செய்த சத்தியத்தை மறந்துவிட்டதாக எழுதமாட்டேன். எழுதினால் அது நான் சொல்கிற பொய். அவளும் மறக்கவில்லை. ஆனால் காதுகுத்துக்கு யார் மடி என்று நேற்று ஆசாரி கேட்டுவிட்டுப் போகும்போது, அவள் என் முகத்தைப் பார்க்காமலே, "தாய்மாமன் மடிதான்" என்றாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். பண்டம் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை. அதில் என்னத்தைப் போட்டு அனுப்புவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் நீரே வந்து எடுத்துக்கொள்ளும்.

தங்கச்சி முத்துப்பேச்சியையும் கூட்டிக்கொண்டு வாரும்.

மலைச்சாமி